மூச்சை உள்ளே இழுத்துச் சொன்ன நாற்பத்தொரு ஆமாம்

ஹெடலிடன்,
27 மே 1984, ஞாயிறு, ஜெபக்கூடத்திலிருந்து திரும்பியதும்

மால்மோ நகரத்தில் மாடிவீட்டில் வசிப்பவளும், ஒரு காலத்தில் அக்கா பேச்சைக் கேட்டவளுமான அன்புத் தங்கை எஸ்தருக்கு, கர்த்தருடைய கிருபையாலும் புதுக் கண்ணாடியின் தயவாலும் அக்கா ஹில்மா எழுதுவது.

இங்கே நானும் என் இடுப்பும் சௌக்கியம். இடது இடுப்பு மட்டும் மழைக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுகிறது, வானொலியைவிட அதை நம்பலாம். ஏரியில் பனிக்கட்டி பதினாறாம் தேதி உடைந்தது. நீ அனுப்பிய திரைச்சீலைத் துணி வந்து சேர்ந்தது. ஒரு சாண் குறைகிறது, இருந்தாலும் நன்றி. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேல் அடக்கினால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நம் குன்வோர் பெற்ற இங்கெலா, என் பேத்தி, முந்தாநாள் வெள்ளிக்கிழமை டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதனால் உன் கால்வீக்கத்தைப் பற்றி அவளுக்கு எழுதித் தொந்தரவு செய்யாதே. மொழியை ஆராய்ந்து புத்தகம் எழுதி வாங்குகிற டாக்டர். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எஸ்தர். அதில் நூற்று நாற்பது பக்கம் என் வாயைப் பற்றி. பெயர் போடவில்லை, 'தகவலாளி எச்' என்று போட்டிருக்கிறது, ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு அப்பா என்னை நிறுத்தித் தொழுவத்துக்கு அனுப்பினாரே, நீ மட்டும் ஏழு வரைக்கும் போய்விட்டு வந்து என் எழுத்துப் பிழைகளைச் சிரித்துக்கொண்டே திருத்துவாயே. நான் படிக்கவில்லைதான். இப்போது ஒரு பல்கலைக்கழகமே உட்கார்ந்து என்னைப் படித்திருக்கிறது.

அவள் ஆராய்ந்த சங்கதியின் பெயர் உள்மூச்சொலி. படித்தவர்கள் இங்ரெசிவ் என்பார்கள். இங்கெலா எழுதிக் கொடுத்த சீட்டைக் காப்பி அரைக்கிற எந்திரத்துக்கு மேலே குத்திவைத்திருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், பிழை இருக்காது. அர்த்தம் ரொம்பச் சுலபம். உலகத்தில் மனிதர்கள் மூச்சை வெளியே விட்டுக்கொண்டுதான் பேசுகிறார்களாம். நாம் இந்த வடக்கத்தி ஜனங்கள் மட்டும் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்கிறோமாம். சூடான கஞ்சியைக் கரண்டி விளிம்பில் உறிஞ்சப் போகிறவள் மாதிரி வாயைக் குவித்து, ஷுப் என்று ஒரு இழுப்பு. இழுத்தால் ஆமாம் ஆகிவிட்டது. இதில் ஆராய என்னடி இருக்கிறது என்று நான் கேட்டேன். அவள் சொன்னாள், தெற்கே யாராவது இதைக் கேட்டால் நமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார்களாம். உடனே எனக்கு உன் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி நீ மால்மோ போன முதல் வாரம், உன் மாமியார் ஏதோ கேட்க நீ ஷுப் என்க, அந்த அம்மாள் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு உன்னைக் கட்டிலில் படுக்கவைத்து வைத்தியரை வரவழைத்தாளே. அதையும் இங்கெலாவிடம் சொன்னேன். எண்பத்தேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக நீயும் இருக்கிறாய்.

அதிலும் ஒரே ஆமாம் இல்லையாம், பல தினுசாம். வானிலைக்குச் சொல்வது குட்டை. சாவுச் செய்திக்கு வருவது நீளம், முடிவில் லேசாக நடுங்கும். விருந்தாளி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து "அப்ப நான் வரட்டுமா" என்றால் வீட்டுக்காரி இழுப்பது ஒன்று, அதற்கு உள்ளே 'இவ்வளவு நேரம் இருந்ததே அதிகம்' என்பது இருக்கிறதாம். நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும்விட அதிகம் வருவது, ஆமாம் என்றே அர்த்தமில்லாத ஆமாமாம். 'நான் இங்கேதான் இருக்கேன், நீ மேல சொல்லு' என்பதோடு சரி. இதையெல்லாம் அவள் சொன்னபோது, சொந்த வீட்டுப் பரணில் யாரோ ஏறிப் பார்த்துவிட்டு என்னென்ன இருக்கிறது என்று எனக்கே பட்டியல் படிப்பதுபோல் இருந்தது.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது, எஸ்தர், பொறுமையாகப் படி. இரண்டு குளிர்காலம் இங்கெலா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறையில் ஊர்க்காரர்கள் பேசுவதைப் பதிவு செய்தாள். ஆட்களை அழைத்தது நான். அழைத்து உட்காரவைத்துவிட்டுக் காப்பி கொடுக்காமல் இருப்பேனா. கொதிக்கக் கொதிக்கக் காப்பி, அதில் போடப் பாலாடைக்கட்டித் துண்டு, ஏழு வகை பிஸ்கட். நம் ஊர் வழக்கப்படி எல்லாரும் சாசரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, உறிஞ்சிக் குடித்தார்கள். இங்கெலா ஒரு தடவை என் காதோரமாக வந்து, "பாட்டி, இன்னிக்கு ஒரு நாளைக்குக் காப்பி வேணாமே" என்றாள். ஹில்மா வீட்டுக்கு வந்து தொண்டை காய்ந்து போனோம் என்று ஏரிக்கு அந்தப் பக்கம் வரை பேசுவார்கள், அந்த அவமானத்தோடு நான் மண்ணுக்குள் போகமாட்டேன் என்று சொல்லி இன்னொரு கெட்டில் ஏற்றினேன். அப்படி அறுபத்திரண்டு கேசட். அறுபத்திரண்டிலும் காப்பி.

புத்தகம் அச்சாகி வந்ததும் ஆணியடிப்பு நடந்தது. பல்கலைக்கழகத்து வழக்கம் அப்படி: மூன்று வாரம் முன்னாலேயே புத்தகத்தைத் தாழ்வாரத்துப் பலகையில் ஆணியடித்து மாட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கலாம். இங்கெலாவுக்கு மேசை டிராயரில் இருந்து எடுத்த ஒரு பொம்மைச் சுத்தியலைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தட்டு தட்டினாள், இரண்டும் கட்டைவிரலில். நான் பையிலிருந்து நம் தொழுவக் கதவு ஆணியையும் என் சுத்தியலையும் எடுத்து ஒரே அடியாக இறக்கினேன். புத்தகம் நின்றது. பலகை விரிந்து, பாசியைப் பற்றி யாரோ பாவம் எட்டு வருஷம் எழுதியது கீழே விழுந்தது. அதையும் எடுத்து அதே ஆணியில் சேர்த்து அடித்துவிட்டேன். இங்கெலா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள், வலி என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே நான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பரீட்சையில் எதிர்வாதி என்று ஒருவர் உண்டு, புத்தகத்தில் ஓட்டை தேடுவதற்கென்றே வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்க விடுவார்கள். இவளுக்கு வந்து வாய்த்தவர் பேராசிரியர் ப்ராண்ட், உங்கள் தெற்குப் பக்கத்து ஆள். அவர் கேசட்டுகளையெல்லாம் வரவழைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, இது பேச்சே இல்லை, கிழவிகள் சாசரில் காப்பி உறிஞ்சுகிற சத்தம் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

"பாட்டி, அவர் சொல்றது தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா தப்புன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல. எந்த டேப்பைப் போட்டாலும் பின்னாடி சாசர் சத்தம் கேக்குது."

ஆறு வருஷ உழைப்பு. அந்தப் பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், கோடையில் மருத்துவமனைத் தரை துடைத்தாள். எல்லாம் என் காப்பியில் கரைந்து போகிறது. அவளோ ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. கவலைப்படாதே கண்ணு, பாட்டி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று வைத்த பிறகுதான் யோசித்தேன். அப்போது தோன்றியது: டேப் எதற்கு, ஆட்களையே கூட்டிக்கொண்டு போவோம். அந்த மனிதருக்கு முன்னால் நின்று, கையில் ஒன்றும் இல்லாமல், ஷுப் என்று இழுத்துக் காட்டுவோம்.

திங்கள், புதன், வெள்ளி என் சமையலறையில் ஒத்திகை. எட்டுப் பெண்கள், கூடவே காது மிஷின் போட்ட வால்ஃப்ரிட். மேசையில் காப்பி கிடையாது. நான் வாத்தியார் மாதிரி அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, "இந்த வருஷம் வசந்தம் லேட்டுதானே" என்பேன், எல்லாரும் இழுக்க வேண்டும். உனக்கு எப்படிச் சொல்வேன். நாற்பது, ஐம்பது, அறுபது வருஷமாகத் தினம் நூறு தடவை செய்கிற காரியம், செய் என்றதும் ஒருத்திக்கும் வரவில்லை. தெக்லாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது, அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை. ஜெபக்கூடத்துப் பெண்கள் மூவரும் 'ஆமாம்' என்று நன்றாக வெளியே சொன்னார்கள், ஞானஸ்நான உறுதிமொழி மாதிரி. வால்ஃப்ரிட் ஒவ்வொரு தடவையும் "என்னது?" என்றான். பக்கத்து வீட்டு ஆல்ஃபில்ட் இழுத்த இழுப்பு, சேற்றில் மாட்டிய காலைப் பசு இழுப்பதுபோல் இருந்தது.

நான் அதைச் சொன்னதும் ஆல்ஃபில்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்கு வராதுடி, ஏன்னா நான் என் ஜென்மத்துல இதைச் செஞ்சதே இல்ல. இதெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஜனங்க பண்றது."

"நேத்து நீ என் வாசல்ல நின்னு அஞ்சு நிமிஷத்துல ஒம்பது தடவை பண்ணினே. நான் எண்ணினேன்."

"எண்ணினியா? ஒரு மனுஷி உன்கிட்ட தன் முட்டிவலியைச் சொல்லிக்கிட்டு இருக்கா, நீ எண்ணிக்கிட்டு நிக்கறே?"

அதற்குப் பிறகு இன்னும் மோசம். ஊரே தன் வாயைத் தானே கவனிக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டுறவுக் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால், ஆமாம் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் இருவரும் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொள்வார்கள். தபால்காரர் என்னிடம் குளிரைப் பற்றிச் சொன்னார், நான் பதிலுக்குத் தலையை ஆட்டினேன், வெளியூர்க்காரி மாதிரி. அவர் என் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

முந்தாநாள் காலை பேருந்து பிடித்துப் போனோம். எல்லாரும் சவ அடக்கத்துக்குப் போடுகிற கறுப்பு உடையில், மார்பில் வெள்ளி ஊசி. எல்லாருடைய பையிலும் பிளாஸ்க். மண்டப வாசலில் உணவும் பானமும் கூடாது என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்ததும் நான் திரும்பி, ஒரு சொட்டுக் காப்பி உள்ளே போகக் கூடாது, பிளாஸ்க் எல்லாம் பேருந்துக்கே திரும்பட்டும் என்று உத்தரவு போட்டேன். மூன்று மணி நேரம் காப்பி இல்லாமல் உட்காரவைக்கிற இடத்தைக் கல்விச்சாலை என்று சொல்கிறார்கள். நான் முதல் வரிசை நடுவில், மற்றவர்கள் எனக்குப் பின்னால் இரண்டாம் வரிசை. மேடையில் இங்கெலா சாம்பல் நிறக் கோட்டில், என் தையல். எதிரே ப்ராண்ட். நான் கொம்பு வைத்த ஆளை எதிர்பார்த்தேன். மெலிந்த, கழுத்து நீண்ட, ஒரு பக்கம் சட்டைக் காலர் தூக்கி நின்ற மனிதர். வீட்டில் பார்த்துவிட ஆள் இல்லை என்று தெரிந்தது.

முதலில் அவர் புத்தகத்தைப் புகழ்ந்தார், அரை மணி நேரம். பிறகு மெதுவாக மேசைமேல் ஒரு கேசட்டை வைத்துப் போட்டார். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இந்தக் குளிர்ல நெல்ஸ் மாமா போய்ச் சேர்ந்துட்டாராமே" என்கிறேன் நான். யாரோ ஷுப் என்கிறார்கள். உடனே சாசர் கிணுங்குகிறது. மண்டபத்தில் சிரிப்பு. இன்னொரு இடம். ஷுப், கிணுங். மறுபடியும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "இதுல எது ஆமாம், எது காப்பி? எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியும்னு சொல்றீங்க. எப்படித் தெரியும்?" என்று இங்கெலாவிடம் கேட்டார். அவள் ஏதோ அலை, அழுத்தம் என்று பதில் சொன்னாள். நியாயமான பதில்தான், ஆனால் குரல் உள்ளே போய்விட்டது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். எனக்கு அந்த மூடி கிளிக் என்றது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது ப்ராண்ட் சொன்னார், ஒரே ஒரு தடவை, காப்பி இல்லாமல், இதை யாராவது செய்து காட்டினால் போதும், நான் என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவேன் என்று.

நான் எழுந்துவிட்டேன். கேட்காமல் எழுந்திருக்கக் கூடாதாம், எனக்கு எப்படித் தெரியும். "ஹில்மா லிண்ட்மார்க், ஹெடலிடன், அஞ்சாம் வகுப்பு" என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். நாங்கள் செய்து காட்டுகிறோம் என்றேன். திரும்பி என் ஆட்களைப் பார்த்து, "இந்த வருஷம் வசந்தம் லேட்டுதானே" என்று கேட்டுக் கையை உயர்த்தினேன்.

தெக்லாவுக்கு விக்கல். ஜெபக்கூடத்துப் பெண்கள் மூவரும் 'ஆமாம்' என்று வெளியே, கோரஸாக. ஆல்ஃபில்ட் பக்கம் பசு. வால்ஃப்ரிட் "என்னது?" என்றான். சரி, நானே செய்கிறேன் என்று வாயைக் குவித்து இழுத்தேன். தொண்டை காய்ந்து, கெட்டில் கொதி வரும் முன்னால் ஒரு விசில் வருமே, அதுதான் வந்தது. எஸ்தர், அந்த மண்டபம் முழுக்கத் தரையைப் பார்த்தது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ப்ராண்ட் எழுந்து எனக்கு நாற்காலியைச் சரிசெய்து, "உக்காருங்கம்மா, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றார். அந்த அன்பு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்து, இனி இந்த வாய் திறக்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இங்கெலாவைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பார்த்தபோது அவள் அழவில்லை. டேப் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். கடையைக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ரொம்ப அமைதியாக, "பேராசிரியர், உங்க ஆட்சேபணையை முழுசா சொல்லுங்க. அவசரமே இல்ல" என்றாள். எனக்குப் புரியவில்லை. அடிக்கிறவனைப் பார்த்து இன்னும் அடி என்கிறாளே.

அவர் சொன்னார். வயதானவர்களின் மூச்சையும் பேச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தார். எண்பத்தெட்டு வயதில் தன் தாயார் மாடிப்படி ஏறும்போது இப்படித்தான் சத்தம் வரும் என்றார். இங்கெலா, உங்கள் தாயார் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். போன இலையுதிர்காலத்தில் படியில் விழுந்துவிட்டார்களாம். இடுப்பு எலும்பு. நான் கடித்திருந்த உதட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், இடுப்பு என்றதும் யாருக்குத்தான் மனசு பதறாது. முதியோர் இல்லத்தில் விட்டாராம், ஜன்னல் வாகனங்கள் நிறுத்துகிற பக்கம் பார்க்குமாம். வீட்டை விற்றாயிற்றாம். அம்மாவின் ஆப்பிள் மரம் இரண்டையும் புதியவர்கள் வெட்டிவிட்டார்களாம், அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், ஒவ்வொரு ஞாயிறும் பூத்துவிட்டதா என்று கேட்கிறார்களாம். அவரே ஒரு நிமிடம் நிறுத்தி, எங்கே விட்டேன் என்று காகிதத்தைத் தேடினார். எதிர்வாதி என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அந்தக் காலரை மடித்துவிட என் கை துடித்தது. பிறகு அவர் சுதாரித்துக்கொண்டு, ஆகையால் இந்தப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் நிற்காது, ஐந்தாவதும் நிற்காது என்று முடித்தார்.

"ஒரு டேப் போடலாமா?" என்று கேட்டாள் இங்கெலா. "புதுசு. இப்ப எடுத்தது."

மைக்கை அவள் அவர் பக்கம் வைக்கவே இல்லையடி. எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்திருக்கிறாள். அவர் குரல் தூரத்தில் கேட்டது, அம்மா விழுந்துட்டாங்க. அதன் மேலேயே, பக்கத்தில், ஷுப். ஒன்றல்ல, இரண்டு வரிசையும். ஜன்னல் வாகனங்கள் பக்கம்தான் பார்க்கும். ஷுப். மரத்தை வெட்டிட்டாங்க. அதற்கு வந்தது நீளமானது, வைக்கோல் பரணில் காற்று புகுந்த மாதிரி, முடிவில் நடுக்கத்தோடு. நாங்கள் ஒருத்தியும் அதைச் செய்யவில்லை, எஸ்தர், நான் சத்தியம் செய்யத் தயார், ஆனால் டேப்பில் இருக்கிறது. நாற்பத்தொன்று. தீர்ப்புக் குழுவில் அந்தப் பேனாக்காரர் எண்ணினார். செய் என்றால் எங்களுக்கு வராது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். சொன்னால் இதுவும் வராமல் போய்விடும் என்றுதான் எங்களிடம்கூட மூடி வைத்திருக்கிறாள்.

"இந்த மண்டபத்துல காப்பி கிடையாது" என்றாள் இங்கெலா. அவ்வளவுதான் சொன்னாள்.

ப்ராண்ட் டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொல்லி, கடைசி இடத்தைக் கேட்டார். நான்காம் அத்தியாயம் நிற்காது, ஷுப், ஐந்தாவதும் நிற்காது, ஷுப். மேடையிலிருந்து இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, உங்க பேத்தி புத்தகம் நிக்காதுன்னு நான் சொன்னேன். நீங்க ஆமான்னு சொல்லியிருக்கீங்க."

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் ஒத்துக்கலை."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. பேசற மனுஷனைத் தனியா விடறது எங்க ஊர்ல வழக்கமில்ல."

அவர் அதைத் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, இது ஐந்தாம் அத்தியாயத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்று இங்கெலாவிடம் சொன்னார். மூன்று பேரும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பத்தைந்து நிமிடம். இங்கெலா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆணியடித்த கட்டைவிரல் நகம் இன்னும் நீலம். கதவு திறந்து, ஏகமனதாகத் தேர்ச்சி என்றார்கள். குன்வோர் அழுதாள், நான் அழவில்லை, கண்ணாடிதான் புதுசு, நனைந்துகொண்டே இருந்தது. வால்ஃப்ரிட் "என்னது?" என்றான், அவனுக்கு எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னோம்.

அதற்குப் பிறகு கேக்கும், கடைசியில் காப்பியும் வந்தது. ப்ராண்ட் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். சாசரில் குடிக்கச் சொல்லிக்கொடுத்தோம், பாதி கோட்டில் ஊற்றிக்கொண்டார். காலரை மடித்துவிட்டேன். அம்மாவிடம் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், பொய்யாகப் பூக்கவைக்காதீர்கள், சொல்லிவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார். இன்று ஞாயிறு. சொல்லியிருப்பார்.

ஆகையால் என் பேத்தி டாக்டர், நான் தகவலாளி எச், நீ அடிக்குறிப்பு. நம் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும். உன் வீட்டுக்காரருக்கும், திருமணமான இரண்டு பிள்ளைகளுக்கும், பெயர் வாயில் நுழையாத அந்தச் சின்னதுக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உன் முட்டிகளையும் என் இடுப்பையும் இன்னும் கொஞ்ச காலம் தாங்குவாராக. திரைச்சீலைக்கு மீதி ஒரு சாண் துணி கிடைத்தால் அனுப்பு. மால்மோவில் இந்தச் செய்தியை யாரிடம் வேண்டுமானாலும் சொல், முக்கியமாக எழுத்துப் பிழை பார்க்கிறவர்களிடம்.

என்றும் உன் மேல் பாசமுள்ள அக்கா,
ஹில்மா

பி.கு. திங்கள் காலை. தபால் நிலையம் திறக்கும் முன் கடிதத்தை ஆல்ஃபில்டிடம் வாசித்துக் காட்டினேன், அவள் பகுதி சரியாக இருக்கிறதா என்று கேட்க. பசு வந்த இடத்தில்கூட ஒன்றும் சொல்லவில்லை. 'இந்த மண்டபத்துல காப்பி கிடையாது' என்ற இடம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவள் பேருந்தில் வைத்தது காலிப் பிளாஸ்க்காம். நிறைந்த பிளாஸ்க் கோட்டுக்குள் இருந்ததாம். நான் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேனாம், அதனால் மூடியில் ஊற்றி இரண்டாம் வரிசை முழுக்க, வால்ஃப்ரிட் உட்பட, மூன்று சுற்று போயிற்றாம். மூடி சுடும் என்பதால் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டியிருந்ததாம். எஸ்தர், இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இங்கெலாவிடம் மூச்சு விடாதே, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. "அப்படின்னா அந்த நாற்பத்தொண்ணும் காப்பிதானா? நம்ம பொண்ணு காப்பியை வச்சா டாக்டர் ஆயிட்டா?" என்று அவளிடம் கேட்டேன். அவள் வெறும் கைகளை மடியில் கோத்து, காலி மேசையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெரிய மனுஷனோட அம்மாவை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு என்றாள். அறைக்குள் இரண்டு ஷுப் கேட்டது. காப்பிக்கு நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.